எங்க ஊரு இல்லாத உலகப்படம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. தீசிஸ் ஆணி அதிகம். இப்பவும் ஆணி குறையலை, ஆனா எழுதாம இருந்தா மண்டை வெடிச்சிரும் போல ஒரு விஷயம் மாட்டிக்கிச்சு.

நான் இருக்கறது பலெர்மோவோட தென்கிழக்கு ஓரத்துல, சியாகுல்லி. (எழுத்தைப் பார்த்து அப்படித்தான் எழுதறேன். உள்ளூர்க்காரங்க வாயில அது 'சாக்குல்லி' மாதிரி விழும்.) ஆரஞ்சுக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒரு மாண்டரின் பழம் இங்க விளையுது. மத்த ஊர்ப் பழமெல்லாம் முடிஞ்சப்புறம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பழுக்கும். 1940கள்ல தானா உருவான ஒரு ரகம்னு சொல்றாங்க. இத்தாலிக்காரங்ககிட்ட ஊர்ப் பேரைச் சொன்னா முதல்ல பழம் ஞாபகம் வராது, 1963 ஜூன் 30ந்தேதி இங்க வெடிச்ச மாஃபியா கார் குண்டும், அதுல செத்துப்போன ஏழு போலீஸ், ராணுவக்காரங்களும்தான் ஞாபகம் வரும். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

மேல் மாடியில ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணை, அக்கா, ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு. போன வாரம் அந்தப் பொண்ணு ஒரு பெரிய அட்லஸைத் தூக்கிட்டு இறங்கி வந்தா. பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடமாம்: உங்க தாத்தா பாட்டி வீடு எங்க இருக்குன்னு உலகப்படத்துல குறிச்சு, பக்கத்துல அந்த ஊரோட படத்தையும் வரைஞ்சிட்டு வா. வகுப்புல பாதிப் பேருக்குப் பேனாவை பலெர்மோ மேலயே வெச்சா வேலை முடிஞ்சது. இவளுக்கு அந்த அட்லஸ்ல இலங்கை ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அதுக்குள்ள கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், அவ்வளவுதான்.

"அண்ணா, அப்பான்ர ஊர் இதில இல்லை. வேற மேப் இருக்கோ?"

இருந்துச்சு. எண்ணூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல போட்ட மேப். தீசிஸுக்காக என் கம்ப்யூட்டர்ல கிடந்தது. அதைத் திறந்து காட்டினேன், வந்தது வினை :-)

கதைக்கு வருவோம். 1130 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பலெர்மோ பேராலயத்துல முடிசூட்டிக்கிட்டவர் இரண்டாம் ரோஜர். நார்மன் பரம்பரை. வடக்கு பிரான்ஸ்லருந்து கூலிப்படையா தெற்கு இத்தாலிக்கு வந்து, அரபுகள் 831லருந்து ஆண்டுக்கிட்டிருந்த பலெர்மோவை 1072ல புடிச்ச கூட்டம். புடிச்சாங்களே தவிர, அரபு ஆட்கள் இல்லாம ஊரை நடத்த முடியலை. கணக்கு எழுத அரபு, கிரேக்கம், லத்தீன் மூணும் தெரிஞ்சவங்க வேணும். 1149ல ஒரு பாதிரியார் தன் அம்மாவுக்கு வெச்ச கல்லறைக் கல்லு இன்னும் இங்க இருக்கு. லத்தீன், கிரேக்கம், அரபு, ஹீப்ரு எழுத்துல அரபுன்னு நாலு விதமா எழுதியிருக்கு. ஒரே ஒரு அம்மாவுக்கு!

எங்க வீட்டுலருந்து கொஞ்ச தூரத்துல, பிரங்காச்சோ பக்கம், மாரெதோல்ச்சேன்னு ஒரு பழைய கோட்டை. ஒரு அரபு அமீரோட மாளிகையா இருந்ததை ரோஜர் எடுத்துப் பெருசாக்கி, சுத்திலும் ஏரி வெட்டி, நடுவுல தீவு விட்டு, மீன் வளர்த்தாராம். ஏரி வத்திப்போய் எந்தக் காலமோ ஆச்சு. ஏரிப் படுகையில இப்ப மரங்கள். நான் மண்டை காயும்போதெல்லாம் அங்க போய் உக்காந்துக்குவேன்.

இந்த ராஜாவுக்கு ஒரு ஆசை. தன் ராஜ்ஜியம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், அதைத் தாண்டி என்ன இருக்கு, எல்லாம் தெரிஞ்சிக்கணும். பழைய புஸ்தகங்களைக் கொண்டாரச் சொன்னார். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. பண்டிதர்களைக் கூப்பிட்டார், அவங்களுக்கும் புஸ்தகத்துல இருக்கறதுக்கு மேல தெரியலை. அப்பத்தான் முகம்மது அல் இத்ரீசி வர்றார். நபி வம்சத்துல வந்தவர், ஜிப்ரால்டருக்கு எதிர்க்கரையில இருக்கிற செயுத்தா ஊர்க்காரர்னு வழக்கமா சொல்றாங்க. ரோஜர் கிறிஸ்தவர், இவர் முஸ்லிம். ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷம் போல இதே வேலையா இருந்திருக்காங்க.

எப்படிச் செஞ்சாங்கங்கிறதுதான் எனக்குப் புடிச்ச பகுதி. இத்ரீசியே முன்னுரையில சொல்றார். நாடு சுத்தினவங்களைத் தேடிப் புடிச்சு வரவழைச்சுத் தனித்தனியா, சில சமயம் கூட்டமா விசாரிக்கறது. சொல்றது எல்லாம் ஒத்துப்போனா வெச்சுக்கறது, ஒத்துப்போகலைன்னா தள்ளி வைக்கறது. அப்புறம் ஒரு வரைபலகையில இரும்புக் கவராயத்தை வெச்சு ஊருக்கு ஊர் தூரத்தைச் சரிபார்த்துக் குறிக்கறது. மத்தியதரைக் கடல் நடுவுல இருக்கிற துறைமுகம் இது. எல்லாக் கப்பலும் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கும். ராஜா சிம்மாசனத்துல உக்காந்தபடியே உலகத்தை வரவழைச்சிருக்கார்.

கடைசியில வெள்ளியில ஒரு வட்டத் தகடு. எடை 400 ராத்தல், ஒரு ராத்தலுக்கு 112 திர்ஹம்னு இத்ரீசி கணக்குக் குடுத்திருக்கார். நம்ம கணக்குல சுமார் 130 கிலோவுக்கு மேல. அதுல கடல், ஆறு, ஊர், வழி எல்லாம் செதுக்கினது. கூடவே விளக்கமா ஒரு புஸ்தகம், 'நுஸ்ஹத் அல் முஷ்தாக்'னு ஆரம்பிக்கிற பேரு. ஊர் சுத்த ஆசைப்படறவனுக்கு இன்பம்னு தோராயமா அர்த்தம் பண்ணிக்கலாம். (நம்ம ஆட்கள் பயணத் தொடருக்கு வைக்கிற தலைப்பு மாதிரியே இருக்குல்ல?) அல் சஃபாதின்னு 14ஆம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருத்தர் சொல்ற கதைப்படி, ராஜா குடுத்த வெள்ளியில மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் செலவாச்சாம். மிச்சத்தை நீயே வெச்சுக்கோன்னுட்டாராம், கூட ஒரு கப்பல் சரக்கும் இனாம். என் ஸ்காலர்ஷிப் தொகையை இந்த இடத்துல நினைச்சுப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

வேலை முடிஞ்சது 1154 ஜனவரி வாக்கில. பிப்ரவரி 26ந்தேதி ரோஜர் செத்துப்போனார். கண்ணால பார்க்கக் கிடைச்சது சில வாரம்தான். ஏழு வருஷம் கழிச்சு, 1161ல, மகன் முதலாம் வில்லியத்துக்கு எதிரா கலகம் வந்து அரண்மனையைச் சூறையாடினாங்க. வெள்ளித் தகடு அப்பத்தான் உருகிப் போயிருக்கணும்னு சொல்றது வழக்கம். 130 கிலோ வெள்ளியை எந்தக் கலகக்காரன் நிலவியல் பாடம் படிக்கறதுக்கு வெச்சுக்குவான்?

புஸ்தகம் பிழைச்சது, கையெழுத்துப் பிரதிகளா. இப்ப இருக்கறது பத்து போலத்தான், அதுலயும் எல்லாம் முழுசு இல்லை. பழசுல ஒண்ணு பாரிஸ்ல, 1300 வாக்கில எழுதினது. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்துல இருக்கறது 1553ல கெய்ரோவுல படியெடுத்தது. இத்ரீசி கையால தொட்டது ஒண்ணும் இல்லை.

உலகத்தை அவர் பிரிச்ச விதம் ரொம்ப நேர்த்தி. நடுக்கோட்டுலருந்து வடக்கே போகப் போக ஏழு இக்லீம், அதாவது ஏழு பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் பத்துத் துண்டு. மொத்தம் 70 படம், ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பகுதியோட விவரம். ஒரு அட்லஸ்னா என்ன வேணும்? ஒரே அளவுல, வரிசையா, பக்கம் பக்கமாத் திருப்பற மாதிரி படமும் விளக்கமும். அப்படிப் பார்த்தா இது அட்லஸேதான், 'அட்லஸ்'ங்கிற பேரு வர்றதுக்கு 440 வருஷம் முன்னாடி. அந்தப் பேரைப் புஸ்தகத்துக்கு முதல்ல வெச்சவர் மெர்கேட்டர். அவர் செத்த மறுவருஷம், 1595ல, மகன் வெளியிட்டார். உலகத்தைத் தோள்ல சுமக்கிற அசுரன் பேருன்னு நாம நினைக்கறோம். மெர்கேட்டர் மனசுல வெச்சது மௌரித்தானியாவை ஆண்ட, வான சாஸ்திரம் தெரிஞ்ச அட்லஸ்ங்கிற ராஜாவை. மௌரித்தானியான்னா பழைய வடமேற்கு ஆப்பிரிக்கா. செயுத்தாவும் அங்கதான் இருக்கு. தற்செயல்தான், ஆனா எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சு.

இந்த 70 துண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே படமா ஆக்கினவர் கொன்ராட் மில்லர்ங்கிற ஜெர்மன்காரர், 1928ல. இணையத்துல நாம பார்க்கறது பெரும்பாலும் அவரோட படம்தான். அதைத்தான் அந்தப் பொண்ணுக்குக் காட்டினேன்.

"அண்ணா, இது தலைகீழா இருக்கு."

ஆமா. தெற்கு மேல, வடக்கு கீழ. அந்தக் காலத்து இஸ்லாமிய நிலப்படங்கள்ல அதுதான் சாதாரணம். 1450 வாக்கில வெனிஸ்ல ஃப்ரா மவ்ரோங்கிற துறவி போட்ட பெரிய படத்துலயும் தெற்குதான் மேல. தெற்கு மேல வந்தா மேற்கு வலப்பக்கம் வந்துரும். அரபு எழுத்து வலப்பக்கம்தானே ஆரம்பிக்கும்? முதல் இக்லீம், முதல் துண்டு, வலது மேல் மூலை, மேற்கு ஆப்பிரிக்கா. அங்கருந்து வரி படிக்கற மாதிரியே இடப்பக்கமா நகர்ந்து சீனா வரைக்கும் போயிரலாம். இப்பத்திய புஸ்தகங்கள்ல பல பேரு 'வசதிக்காக' இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டுடறாங்க. எழுத்தெல்லாம் தலைகீழாத் தொங்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு எரிச்சல் வரும் பாருங்க.

சரி, இப்ப நம்ம ஊரு. மேல் வரிசையில இடப்பக்கமாத் தேடினேன். ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரை வளைஞ்சு கிழக்கு நோக்கிப் போய்க்கிட்டே இருக்கு, இந்தியக் கடலுக்கு ஒரு கூரை போட்ட மாதிரி. அதுக்குக் கீழ கடல், கடல் நிறைய தீவு. இந்தியா எங்க? கரை இருக்கு, ஆனா முக்கோணம் இல்லை. குமரி முனைன்னு நீட்டிக்கிட்டு வர்ற அந்த மூக்கு கிடையாது. கரை கிட்டத்தட்ட நேராப் போயிருது. இந்தப் பக்கம் கொல்லத்துப் பேரெல்லாம் புஸ்தகத்துல வருது. காவிரி டெல்டா இருக்க வேண்டிய இடத்துல தண்ணி.

நான் கும்பகோணத்துக்காரன். பக்கத்துல தாராசுரம். இத்ரீசி இங்க கவராயத்தை வெச்சுக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்லதான் அங்க இரண்டாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். 1146ல வந்தவன் கட்டினதுதான் ஐராவதேசுவரர் கோயில், குதிரை இழுக்கிற ரதம் மாதிரி மண்டபம், தட்டினா சத்தம் வர்ற படிக்கட்டு எல்லாம் வெச்சு. அவ்வளவு பெரிய சோழ ராஜ்ஜியத்தைக் கடல்ல முக்கிட்டாரே மனுஷன்!

மேல் மாடி அண்ணை அதுக்குள்ள இறங்கி வந்துட்டார். படத்துல ஒரு பெரிய உருண்டைத் தீவைக் காட்டி இது என்னன்னார். சரந்தீப், இலங்கைன்னேன்.

"என்ன தம்பி, எங்கட தீவு இவ்வளவு பெரிசு! உங்கட தமிழ்நாட்டைக் காணேல்லை!" சிரிச்ச சிரிப்பு இருக்கே, மூணு வருஷமா அந்த மனுஷன் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

இந்தத் தப்பு இத்ரீசியோடது மட்டுமில்லை. வேர் தாலமி. ரெண்டாம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியாவுல உக்காந்து எழுதினவர். பாண்டியன் தலைநகர் மொதூரா, காவிரித் துறைமுகம் கபேரிஸ், கொல்கோய்னு கொற்கை, எல்லாம் அவர் பட்டியல்ல இருக்கு. ஆனா அவர் கணக்குல இந்தியாவோட மூக்கு சப்பை, தப்ரபேன்ங்கிற இலங்கை நிஜத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல. பேரு சரி, வடிவம் தப்பு. அரபு அறிஞர்கள் தாலமியை எடுத்துத் திருத்தினாங்க, சில இடத்துல நல்லாவே திருத்தினாங்க. தாலமி இந்தியக் கடலைச் சுத்தி நிலத்தால மூடி ஏரி ஆக்கிட்டார். இத்ரீசி படத்துல கிழக்குப் பக்கம் திறந்திருக்கு. கப்பல்ல போனவங்ககிட்ட கேட்டவராச்சே. ஆனா மூக்கு மட்டும் நிமிரலை. அது நிமிர்ந்து தெளிவா வர்றது போர்ச்சுக்கீசியர் வந்தப்புறம், 1502 கந்தீனோ படத்துல. (அந்தப் படம் 1859 கலவரத்துல மோதேனா அரண்மனையிலருந்து காணாமப் போய், பின்னால ஒரு கறிக்கடையில கிடைச்சதாம்.)

சரந்தீப் பத்தி இத்ரீசி எழுதினதையும் அண்ணைக்குச் சொன்னேன். அலிகர்க்காரர் எஸ். மக்பூல் அகமது 1960ல இந்தியப் பகுதியை மட்டும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துப் போட்டிருக்கார், அது நமக்கு உதவி. அதுல வருது: சரந்தீப் ராஜாவுக்குப் பதினாறு மந்திரிகளாம். நாலு பேர் அவர் மதம், நாலு பேர் கிறிஸ்தவங்க, நாலு பேர் முஸ்லிம், நாலு பேர் யூதர். உக்காந்து பேச எல்லாருக்கும் இடம் உண்டாம். நிஜமா நடந்ததான்னா எனக்குச் சந்தேகம்தான். மூணு மொழியில கணக்கு எழுதற ஒரு அரண்மனையில உக்காந்து எழுதினவருக்கு இந்தச் செய்தி மட்டும் ஏன் இவ்வளவு விவரமா மனசுல நின்னுச்சுன்னு யோசிச்சா விளங்கும். மேப்ல வரையறவன் ஊரும் சேர்ந்தே விழும் போல. சிசிலித் தீவையும் மனுஷன் தாராளமாப் பெருசா வரைஞ்சிருக்கார், பக்கத்துல சார்தீனியா சுருங்கிப் போச்சு. முதலாளி ஊராச்சே!

அண்ணை அந்தப் பதினாறு மந்திரி கதையைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. "ம்" மட்டும்.

மெர்கேட்டரைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. 1569 படத்துல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா பதினாலு மடங்கு பெரிசு. கப்பல்காரன் திசை தவறாம போறதுக்காகப் போட்ட படம் அது, பள்ளிக்கூடச் சுவத்துல மாட்டினது நம்ம தப்பு. 1973ல அர்னோ பீட்டர்ஸ் பரப்பளவு சரியா இருக்கணும்னு ஒண்ணைக் கொண்டுவந்து தடபுடல் பண்ணார். அதுல ஆப்பிரிக்கா கொடியில காயப்போட்ட வேட்டி மாதிரி நீளமாத் தொங்கும். எல்லை விவகாரம் வேற. நம்ம ஊர் அட்லஸ்ல காஷ்மீர் முழுசா இருக்கும், வெளிநாட்டுப் புஸ்தகம்னா எல்லைகள் சரியானவை அல்லன்னு முத்திரை குத்தி வரும். இந்தப் பொண்ணோட அட்லஸ்ல அதே இடத்துல புள்ளிக்கோடு.

நம்ம மண்ணை அங்குலம் அங்குலமா அளந்த கதை இன்னொரு தினுசு. 1802 ஏப்ரல் 10ந்தேதி பரங்கிமலையில வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சார். அந்த வேலைக்கு வந்த தியோடலைட் அரை டன் எடை. கப்பல்ல வரும்போதே பிரெஞ்சுக்காரன் புடிச்சுக்கிட்டு, அப்புறம் மரியாதையாத் திருப்பிக் குடுத்தான். 1808ல எங்க தஞ்சாவூர்ல அதைப் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து சுவத்துல மோதி நசுங்கிருச்சு. லாம்டன் வாரக்கணக்கா உக்காந்து தட்டித் தட்டி நிமிர்த்தினாராம். அந்த அளவையில யாரையும் வரவழைச்சுக் கேக்க வேண்டியதில்லை. மலை உச்சி, கோபுர உச்சி, கோணம், கணக்கு. இத்ரீசி ஆளைக் கேட்டு வரைஞ்சார், இவங்க ஆளைக் கேக்காமலே வரைஞ்சாங்க. துல்லியம் எதுலன்னா சந்தேகமே இல்லாம ரெண்டாவதுலதான்.

ஆனா வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கே.

அண்ணையோட ஊரு வலிகாமம் வடக்குல ஒரு கிராமம். 1990ல சனம் முழுக்க வெளிக்கிட்ட பகுதி, அதுக்கப்புறம் ராணுவத்தோட உயர் பாதுகாப்பு வலயம். 2015க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா சில காணிகளை விட்டாங்க. இவரோட காணி அதுல இல்லை. செயற்கைக்கோள் படத்துல பார்த்தா பத்தையும் பனையும்தான். ஒழுங்கை எங்க, வீடு எங்கன்னு ஒண்ணும் புரியலை. மேலருந்து எடுத்த படம், அவ்வளவு துல்லியம், அதுல வீடு இல்லை.

அண்ணை மேல போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்தார். காணி உறுதியோட நகல். அதுல படம் ஏதும் கிடையாது. இத்தனை பரப்பு, கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, கிணத்துல பங்கு, வழி வாய்க்கால் உரிமைன்னு எல்லாம் எழுத்துலயே. இக்லீம் புஸ்தகம் மாதிரியே இருக்கேன்னு எனக்குத் தோணிச்சு.

அப்ப வரைஞ்சிருவோம்னேன். பொண்ணு கையில பென்சில். அண்ணை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அக்காவும் அதே ஊர்தான், ரெண்டு ஒழுங்கை தள்ளி.

"கிணறு வீட்டுக்கு வடக்காலை."

"இல்லையப்பா, மேற்காலை எல்லோ. நான் தண்ணி அள்ள வந்தனான், எனக்குத் தெரியாதே?"

ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிச்சோம், இத்ரீசி முறைப்படி. அக்காவைச் சமையலறைக்கு அனுப்பிட்டு அண்ணைகிட்ட, அப்புறம் மாத்தி. வேலியில நின்ன பூவரசு, படலை, தேர்முட்டிக்குப் போற பாதை, வைரவர் கோயில், இதெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க. அதை மையால எழுதினா. கிணறு மட்டும் ஒத்துவரலை. கனடாவுல இருக்கிற பெரியம்மாவுக்கு போன் போட்டோம். அவங்க தென்கிழக்குங்கிறாங்க.

பொண்ணு கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தா. அப்புறம் கிணத்தை மூணு இடத்துலயும் பென்சில்ல லேசா வரைஞ்சிட்டா. படத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கறதுன்னு கேட்டா. கடல் எந்தப் பக்கம்னேன். வடக்கே, வீட்டுலருந்து நடக்கிற தூரம்னார் அண்ணை. அப்ப கடலைக் கீழ வைன்னு நான் சொல்ல, டீச்சர் பேசுவா அண்ணா, மேலதான் வைப்பேன்னுட்டா.

கொசுறு: வர்ற வாரம் அண்ணை வீட்டுல மாண்டரின் ஜாம் போடறாங்களாம், வீட்டுப்பாடத்துக்கு எனக்குக் கூலி ரெண்டு பாட்டில். வெள்ளி மிச்சம் ஏதாவது கிடைக்குமான்னும் கேட்டுப் பார்த்தேன். கிடைக்காதாம் :-)